கூடாரத்துக்குள் அரை மணி நேரம்

ஹைதராபாத்திலிருந்து வாரக் கடைசியில் டென்ட் தூக்கிக்கொண்டு கிளம்பும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

சுதந்திர தின விடுப்போடு சனி ஞாயிற்றையும் சேர்த்து, கோட்பல்லி ஏரிக்கரையில் டென்ட் போடப் போகிறீர்களாம். என் தங்கை மகன் வந்து சொன்னான். கையோடு ஒரு கேள்வியும் கொண்டுவந்தான்: "பெரியம்மா, கேம்பிங்குக்கு ஒரு போர்ட்டபிள் வேப்பரைசர் வாங்கணும். சின்னதா, பையில கிடந்து அடிபட்டாலும் தாங்குறதா ஒண்ணு சொல்லுங்க." உங்கள் எல்லோர் சார்பிலும்தான் கேட்டானாம். வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்தபிறகு மனசு கேட்கவில்லை. இது இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

வேப்பரைசர் என்றதும் புகை இழுக்கிற கருவியை நினைப்பவர்கள் உண்டு. மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் 2019-ல் வந்த சட்டத்தால் நாடு முழுக்கக் குற்றம். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நாம் பேசப்போவது வீட்டில் ப்ளக்கில் செருகிவைக்கிற கொசு மெஷினை, அதில் பையில் எடுத்துப்போகிற வகையை.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மழைக்காலத்துக்கு முன் அனந்தகிரிக்குப் போனோம். மூசி நதி பிறக்கிற மலை அது. மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் அந்தக் காட்டைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆறு பேர், மூன்று டென்ட். டென்டுக்கு ஒன்றாகச் சார்ஜ் போடுகிற கொசு மெஷின் மூன்று வாங்கியிருந்தேன். இருட்டியதும் மூன்றையும் போட்டுவிட்டு, ஜிப்பை இழுத்து மூடி, விடிய விடியத் தூங்கினோம். ஒரு கொசு கடிக்கவில்லை. காலையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறரை மணிக்கு எழுந்து, மூங்கில் புதருக்குப் பக்கத்தில் பாய் விரித்து, டீ போட்டுக் குடித்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் தங்கை மகள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பேன்ட் போட்டிருந்தாள். கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே இருந்தாள். "புல்லு அரிக்குது" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி. டெங்கு. பிளேட்லெட் 22,000-க்கு இறங்கியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் என் தங்கையும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். பிழைத்துவிட்டாள், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். கடித்தது அனந்தகிரியில்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது; நகரத்திலும் கடித்திருக்கலாம். ஆனால் டெங்குவைச் சுமக்கிற ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் விடிந்த சில மணி நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முன்னும் மும்முரமாகக் கடிப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், மெஷினை ராத்திரிக்குப் போட்டுவிட்டு, காலையில் புதர் ஓரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தேன். மெஷின் மேல் பிசகில்லை. அது மூடிய இடத்தைக் காக்கிற பொருள். நான்தான் அதை நம்பி வெளியே உட்கார்ந்தேன்.

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். எந்த மெஷின் வாங்கினாலும் அது டென்டுக்குள் அரை மணி நேரம் உதவும். மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். குப்பிக்குள் இருக்கிற திரவத்தில் மருந்து கொஞ்சம்தான்: பெரும்பாலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், நூற்றுக்கு ஒன்று ஒன்றரை பங்கு அளவில். மீதி கிட்டத்தட்ட முழுக்க, வாசனை நீக்கிய மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. மேலே உள்ள வளையம் நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, திரியின் நுனியிலிருந்து மருந்தை ஆவியாக்குகிறது. சாமந்திக்கு உறவான பைரெத்ரம் பூவில் இருக்கிற நஞ்சைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து இது. கொசுவின் நரம்பைத் தாக்கிக் கீழே விழவைக்கும். அறையில் கதவு ஜன்னலைச் சாத்தினால் ஆவி சேர்ந்து நிற்கும். ஏரிக்கரையில் எங்கே நிற்கும்? காற்று ஒரு வீச்சில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

திறந்த வெளிக்கென்றே செய்த கருவிகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் தெர்மாசெல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அதில் சின்ன பியூட்டேன் குப்பி ஒரு தகட்டைச் சூடாக்கும். தகட்டின் மேல் அலெத்ரின் ஊறிய அட்டை. சுற்றிப் பதினைந்து அடி காக்கும் என்பது அவர்கள் கணக்கு, அதுவும் காற்று அசையாத இடத்தில். பியூட்டேன் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அதனால் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். சார்ஜ் போடுகிற வகையும் பிறகு வந்திருக்கிறது. அதற்கும் மருந்து அட்டையோ குப்பியோ தீர்ந்தால் இங்கே எந்தக் கடையில் கேட்பீர்கள்? காட்டுக்கு எடுத்துப்போகிற பொருளின் உயிர் அதன் ரீஃபில். போகிற வழியில் விகாராபாத் கிரானா கடையில் கிடைக்கிற குப்பி எதில் பொருந்துகிறதோ, அந்தக் கருவி எனக்கு உசத்தி.

இந்த ஊரில் இருந்துகொண்டு கொசுவைப் பற்றிப் பேசும்போது பேகம்பேட்டை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழங்காலக் கட்டடம் இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ரொனால்ட் ராஸ் பேரில் நிற்கிறது. உங்களில் பாதிப் பேர் தினமும் அந்த வழியாக வண்டி ஓட்டிப் போகிறீர்கள். மலேரியா கொசுவால் வருகிறது என்பதற்கு முதல் சாட்சி கிடைத்தது செகந்தராபாத்தில், 1897 ஆகஸ்ட் 20 அன்று. ராஸ் அப்போது படை மருத்துவர். உசேன் கான் என்ற நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்கவைத்து, கடிக்கிற கொசு ஒவ்வொன்றுக்கும் ஒரு அணா என்று கொடுத்தார். புள்ளிச் சிறகுக் கொசுக்கள் உசேன் கானைக் கடித்தது ஆகஸ்ட் 16. ஒவ்வொன்றாக எடுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பங்காவை இழுக்கச் சொன்னால் அறுத்துவைத்த கொசு பறந்துபோகும் என்பதால் அந்தப் புழுக்கத்தில் காற்று இல்லாமலே உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. நாலாம் நாள், மிச்சமிருந்த ஒன்றிரண்டில் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் வட்டமான அணுக்களைப் பார்த்தார். அவற்றுக்குள் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் தெரிகிற அதே கருநிறத் துகள்கள். மறு வருடம் கல்கத்தாவில் பறவைகளை வைத்து மீதியையும் முடித்தார். 1902-ல் நோபல் பரிசு. ஆகஸ்ட் 20-ஐத்தான் இன்று உலகக் கொசு நாள் என்கிறார்கள்.

அதே ராஸுக்கு அதற்குச் சற்று முன் நடந்தது நம் கதைக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. லீவு போட்டு நம் நீலகிரிக்குப் போனார். ஊட்டிக் குளிரில் இருக்காமல், மலேரியாவைப் பார்க்க வேண்டும் என்று சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். தினமும் கொய்னா மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். போன சில நாளிலேயே கடுமையான மலேரியா. கொசுவைத் தேடிப் போன டாக்டரே தப்பவில்லை. காப்பு ஒன்றே ஒன்று இருந்தால் போதாது என்பதற்கு எனக்கு வேறு கதை தேவைப்படவில்லை.

அவர் பரிசு வாங்கிய அதே 1902-ல்தான் ஜப்பானில் கொசுவத்தி இன்று நாம் பார்க்கிற சுருள் வடிவத்துக்கு வந்து விற்பனைக்குப் போனது. அதுவரை குச்சியாக இருந்தது. சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். சுருட்டிவைத்தால் நெடுநேரம் எரியும் என்ற யோசனை, அதைச் செய்தவரின் மனைவி யூகியுடையது. அந்தச் சுருளைத் தயவுசெய்து டென்டுக்குள் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு சொன்னது. டென்ட் துணி நைலான், பாலியஸ்டர்; கங்கு பட்டால் உருகிச் சொட்டும். வெளியே, காற்று வருகிற பக்கம், ஒரு தகரத் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். காட்டு எல்லைக்குள் அதுவும் கூடாது.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

ப்ளக் மெஷினையே இன்வெர்ட்டரில் மாட்டி எடுத்துப்போகலாமே என்று ஒருவர் கேட்டாராம். அது சுவருக்காகச் செய்தது. குப்பி நிமிர்ந்தே இருக்க வேண்டும். பையில் படுக்கவைத்தால் திரி வழியாகக் கசியும். ஒருமுறை எனக்குக் கசிந்து, ரொட்டிப் பொட்டலம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அன்று காலை எல்லோரும் பிஸ்கட்டில் ஓட்டினோம். மருந்து பட்ட சாப்பாட்டைப் பிள்ளைகள் தெரியாமல் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதனால் என் முதல் தேர்வு திரவம் இல்லாத வகை. மருந்து ஊறிய அட்டையோ வலைச்சில்லோ வைத்து, சின்ன விசிறி அதன் மேல் காற்றை ஊதுகிற கருவி. சூடு கிடையாது, கசிய ஒன்றும் கிடையாது, கை பட்டாலும் சுடாது. கைக்குள் அடங்குகிற அளவில் வருகிறது. ஆவி வேகம் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் படுக்கிற டென்டுக்குப் போதும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, கடையில் சொல்லமாட்டார்கள். விசிறி வகை இழுக்கிற மின்சாரம் மிகக் குறைவு. பவர் பேங்க் பலவும், ஒன்றும் மாட்டவில்லை போல என்று நினைத்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். நீங்கள் ஓடுகிறது என்று நம்பியிருப்பீர்கள். வீட்டில் ஒரு ராத்திரி மாட்டிவைத்து, காலையில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துப்போங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பென்சில் பேட்டரியில் ஓடுகிற வகை நல்லது. அந்த பேட்டரி எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

சூடாக்குகிற வகைதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. வழியில் வீணாவது போக 27, 28 கைக்கு வரும். ஐந்து வாட் இழுக்கிற மெஷின் ஐந்தரை மணி நேரத்தில் அதைக் காலி செய்துவிடும். காலையில் போனுக்குச் சார்ஜ் இருக்காது, அவசரத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது. அரை மணி நேரம் ஓட்டி அணைத்தால் இரண்டரை வாட்-மணிதான் செலவு.

கடையில் பார்க்கும்போது கையில் எடுத்து ஆட்டுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். மூடி திருகிப் பூட்டுவதாக இருக்கட்டும், அழுத்தி மூடுகிற மூடி பையில் தானே திறந்துகொள்ளும். சுவிட்ச் உள்வாங்கி இருக்க வேண்டும். புடைத்து நிற்கிற சுவிட்ச் துணிமணி நெருக்கிப் பைக்குள்ளேயே ஆன் ஆகும். சூடாகும் வகையில் அது தீ விபத்து. திரவ வகையாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் குப்பியை மாட்டி, மூடியைப் பூட்டி, பழைய செய்தித்தாளின் மேல் தலைகீழாக ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் வாங்கிய மூன்றில் இரண்டு இந்தச் சோதனையில் தோற்றிருக்கும். அப்போது எனக்கு இது தெரியாது.

மருந்தின் உறையில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும், மருந்தின் பெயரும், அளவும், காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும். 1968-ம் வருடச் சட்டப்படி பதிவில்லாத கொசு மருந்தை விற்கக் கூடாது. விலை மலிவு என்று பெயரில்லாத சில்லுகளை வாங்கி, மூக்குக்கு ஒரு அடி தூரத்தில் வைத்துப் படுக்காதீர்கள்.

அல்ட்ராசவுண்டில் கொசுவை விரட்டுகிறேன் என்கிற கீசெயின், கைக்கடிகாரம் இவற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். பத்துக் கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் வெளியான காக்ரேன் ஆய்வில் ஒன்றில்கூட அவை கொசுக்கடியைக் குறைக்கவில்லை. நீல விளக்குப் பொறியில் விழுவது பெரும்பாலும் விட்டிலும் ஈசலும்தான்.

டென்டுக்குள் எப்படி ஓட்டுவது? பொழுது சாய அரை மணி நேரத்துக்கு முன், உள்ளே யாரும் இல்லாதபோது, ஜிப்பை மூடி மெஷினை ஆன் செய்யுங்கள். அரை மணி கழித்து அணைத்து வெளியே எடுத்துவிட்டு, வலை ஜன்னல்களை மட்டும் விட்டு மற்ற மடிப்புகளைத் திறந்து காற்றாட விடுங்கள். பிறகு படுக்கப் போகிறவர்கள் சட்டென்று நுழைந்து ஜிப்பை மூடவேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கிற டென்டுக்கு இதுவும் வேண்டாம், வலையே போதும். அனந்தகிரியில் நான் செய்தபடி, மூடிய டென்டுக்குள் விடிய விடிய ஓட்டாதீர்கள். மறுநாள் இரண்டு பேருக்குத் தொண்டைக் கரகரப்பும் தலைவலியும் இருந்தது.

இன்னொன்று, இதை ஏரிக்காகக் கேட்கிறேன். இந்த வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். மிச்சக் குப்பியைத் தண்ணீரில் ஊற்றுவதோ, அட்டையைக் கரையில் வீசுவதோ, மெஷினை ஏரியில் கழுவுவதோ கூடாது. கோட்பல்லியில் படகு விடுகிறவர்களும் வலை போடுகிறவர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறார்கள்.

போன வருடம் அங்கே ஒரு படகுக்காரப் பெரியவரைப் பார்த்தேன். ஐந்து மணி ஆனதும், பேச்சுக்கு நடுவிலேயே, சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியைக் கணுக்கால் வரை விட்டார். தோளில் கிடந்த துண்டு காதையும் கழுத்தையும் சுற்றிக்கொண்டது. "தோமலு வஸ்தாயி" என்றார், கொசு வருகிற நேரம் என்று. சூரியன் அப்போதும் தண்ணீருக்கு மேலே நன்றாக நின்றது. நான் அன்றைக்குப் பக்கத்தில் மூன்று பேரை டி-சர்ட்டோடு உட்காரவைத்திருந்தேன். உடனே எழுப்பிச் சட்டை மாற்ற அனுப்பினேன்.

அவர் செய்ததைச் செய்யுங்கள். வெளிர் நிறத்தில், உடம்போடு ஒட்டாத முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடுகிற பேன்ட், சாக்ஸ். துணிக்கு வெளியே தெரிகிற தோலுக்கு கிரீம். நம் கடைகளில் கிடைக்கிற ஓடோமாஸில் டைஎத்தில் பென்ஸமைடு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. சில மணி நேரம் நிற்கும். வியர்த்தால், படகில் நனைந்தால், மறுபடி பூச வேண்டும். காலை டீக்கு முன் பூசுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி. டீ குடிக்கிற இடம் புதரிலிருந்து தள்ளி, காற்றோட்டமான மேட்டில் இருக்கட்டும். கொசு பலமான காற்றில் பறக்கத் தடுமாறும். டென்டைத் தண்ணீர்க் கரையை ஒட்டிப் போடாதீர்கள். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப் கிடந்தால் கவிழ்த்துவிடுங்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெங்கு நாலு முதல் பத்து நாளில் காட்டும். மலேரியா அதற்கும் பிந்தும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐப்யூப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை பாக்கி. கொசுவலைக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது வழக்கமான அளவு. டென்டின் வலை அதைவிட நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஜிப் முனையில், அடிக்கடி இழுக்கிற இடத்தில், தையல் விட்டுப்போகும். என் தங்கை மகனின் டென்டை நேற்று கூடத்தில் விரித்து, உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தேன். ஜிப் ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற கிழிசல் ஒன்று, கூரை வலையில் ஊசி முனை அளவில் நாலு ஓட்டை. தங்கையின் பழைய நைலான் துப்பட்டாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். ஊசியும் நூலும் இன்னும் வெளியேதான் இருக்கின்றன. வியாழக்கிழமைக்குள் உங்கள் டென்டுகளையும் பத்மாராவ் நகருக்கு எடுத்து வாருங்கள், ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா